ஆலமரத்து மஞ்சள் பை

அத்தியாயம் 11

அன்று காலையில் காபி குடிப்பதற்கு முன்பே சண்முகப்பிரியாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

வராமல் என்ன செய்யும்? சேலத்துச் சதைப் பரிசோதனை லேபில் இருந்து அப்போதுதான் போன் வந்திருந்தது. "செல்லாயிங்கற பேர்ல தீபாவளி சமயத்துல சோதனைக்கு எந்தச் சதையும் எங்களுக்கு வரலைங்க. முன்னாடி பின்னாடி எல்லாம் பாத்துட்டோம்" என்று லேபில் பேசிய பெண் பொறுமையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வராத சதைக்கு ரிசல்ட் மட்டும் எப்படி வந்தது? "எல்லாம் நல்லபடியா வந்திருக்குது" என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னவர் மாமனார் மருதாசலம். அவர் பொய் பேசி இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

போன வாரம் படித்ததை ஒரு முறை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மோகனூர்ப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மருதாசலத்தின் மனைவி செல்லாயி. மகன் மோகன்குமார் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் கிடக்கிறான். மாமியாருக்கு ஒன்று என்றால் ஓடுவதற்கு இருப்பவள் மருமகள் சண்முகப்பிரியா ஒருத்திதான். மாதவிலக்கு நின்று பல வருஷம் கழித்துப் போன சித்திரையில் செல்லாயியின் உள்பாவாடையில் ரத்தக் கறை பட்டது. அதற்கு முன்பே மறைவிடத்தில் கறுப்பாக ஒரு தடிப்பும் அரிப்பும் இருந்திருக்கிறது. செல்லாயி யாரிடமும் மூச்சு விடவில்லை. மரு என்று நினைத்துக்கொண்டு, உப்பும் மிளகும் வாங்கி ஆற்றங்கரைக் கோயிலில் கொட்டிவிட்டு வந்தார்.

துவைக்கிற கல்லில் கறையைப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்தவள் மருமகள். நாமக்கல்லில் ஒரு நர்ஸிங் ஹோமுக்கு அழைத்துப் போனாள். பொம்பளை டாக்டர் என்பதால்தான் செல்லாயி வரச் சம்மதித்தார். அந்த டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழவே இல்லை. சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார், இருக்கிறது என்றதும் களிம்பு எழுதினார். அடுத்த முறை வேறு களிம்பு. அதற்கடுத்த முறை ஸ்கேன். வயிற்றின் மேல் கருவியை வைத்து உள்ளே இருப்பதை எல்லாம் பார்த்தார்கள், வெளியே இருப்பதை ஒருவரும் பார்க்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் ரத்தம் அதிகமாகப் போனபோதுதான் ஒரு நர்ஸ் பார்த்துச் சொல்லி, வெளியிலிருந்து வரும் சர்ஜன் அந்தத் தடிப்பை வெட்டி எடுத்தார். சாதாரண மரு என்றார்கள். மார்கழியில் மறுபடி ரத்தம். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், தேதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. சும்மா கிடந்த கர்ப்பப்பை என்ன பாவம் செய்தது!

அந்தத் தேதிச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் சண்முகப்பிரியா மாமியாரைச் சேலத்துக்குக் கூட்டிப் போனாள். இங்கேயும் பொம்பளை டாக்டர்தான். டாக்டர் கலைமணி கதவைச் சாத்தினார், திரையை இழுத்தார், விளக்கை அருகில் இழுத்து வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வெட்டிய சர்ஜனை விட்டால், இத்தனை மாதத்தில் இதற்கென்று பார்த்த முதல் டாக்டர் அவர்தான். பழைய தழும்பை ஒட்டி ஒரு கறுப்புப் படலம். ஓரம் நேராக இல்லை, ஒரு பக்கம் போல மறு பக்கம் இல்லை, நடுவில் சிவப்பும் சாம்பலுமாக நிறம் மாறிக் கிடந்தது. பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"மச்சத்துக்குக் கறுப்பு குடுக்கற உயிரணு இருக்குதுல்ல, அதுவே கெட்டுப்போய்ப் புத்துநோயா மாறலாம். மெலனோமான்னு பேரு. வெயில் படாத எடத்துலயும் வரும். ரொம்ப அபூர்வம், அதனாலயே கோட்டை விட்டுடறாங்க. நான் சந்தேகப்படறேன், அவ்வளவுதான். சதையச் சோதிச்சாத்தான் உறுதி" என்றார் நிமிர்ந்து. இப்போது இருப்பதிலும் ஒரு துண்டு எடுக்கப் போகிறாராம். ஆனால் அது எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது என்பது முதலில் வெட்டியதில்தான் தெரியும். எவ்வளவு தூரம் வெட்டுவது, அடுத்து என்ன வைத்தியம் என்பதெல்லாம் அந்த ஆழத்தை வைத்துத்தான். அந்த ரிசல்ட் எங்கே, அந்தச் சதை எங்கே என்று கேட்டார்.

அதற்குமேல் பார்க்கச் செல்லாயி விடவில்லை. காலை மடக்கிக்கொண்டு எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டார். முழுசாகப் பார்க்க வேண்டும் என்று கலைமணி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

ஆக, சதை எங்கே?

சண்முகப்பிரியா நேராக நாமக்கல்லுக்கு வண்டியை விட்டாள். டோக்கன் போடச் சொன்னார்கள். போட்டாள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. டாக்டரம்மாவின் அறைக்குள் அவள் போனபோது உள்ளே ஏற்கனவே இன்னொரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து களிம்பு எழுதி வாங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் இருந்த கொஞ்ச நஞ்சப் பொறுமையும் போய்விட்டது.

டாக்டரம்மா யோசித்துவிட்டுச் சொன்னார். அன்றைக்கு லேப் ஆள் வரவில்லையாம். அதனால் பாட்டிலை மாமனார் கையில் கொடுத்து, சேலத்தில் சேர்த்துவிடச் சொன்னார்களாம். மரு மாதிரிதான் இருந்ததாம், ஒரு முறைக்காகத்தான் அனுப்பச் சொன்னார்களாம்.

"ரிசல்ட் வந்துச்சான்னு கேட்டீங்களா டாக்டர்?"

"அத நீங்கதானம்மா கொண்டாந்து காட்டணும்."

"காட்டலைன்னா கேக்க மாட்டீங்களா? மார்கழியில திரும்ப ரத்தம் போகுதுன்னு வந்து நின்னமே, அன்னைக்காச்சும் அந்த ரிசல்ட்டு எங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? கர்ப்பப்பைய எடுக்கத் தேதி மட்டும் குடுத்தீங்க."

டாக்டரம்மா மணியை அடித்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். பதில் சொல்ல முடியாதவர்களுக்கு மணி இருக்கிறது, வசதிதான். சண்முகப்பிரியா வெளியே போகும் முன் களிம்புச் சீட்டோடு நின்ற அந்தப் பெண்ணிடம் திரும்பி, "அக்கா, அவங்கள எந்திரிச்சு வந்து பாக்கச் சொல்லுங்க. பாக்காம இந்தக் களிம்ப வாங்கிட்டுப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டே போனாள்.

பாட்டில் இங்கிருந்து கிளம்பியிருக்கிறது, சேலம் போய்ச் சேரவில்லை. நடுவில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

பண்ணையில் தீவன ரூமுக்கு முன்னால் மருதாசலம் நின்றுகொண்டிருந்தார். விடியற்காலையில் செத்துக் கிடந்த இரண்டு கோழிகளைப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, வேலைக்காரன் ராசுவிடம் கொடுத்து, கெட்டுப்போவதற்குள் கால்நடை ஆஸ்பத்திரி லேபுக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லி, என்ன சொன்னார்கள் என்று கேட்காமல் திரும்பக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ராசு வண்டியை உதைத்துக்கொண்டு கிளம்பினான்.

சண்முகப்பிரியா அவன் போகும்வரை காத்திருந்தாள்.

"மாமா, அத்தையோட சதைய எந்த லேப்ல குடுத்தீங்க?"

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். நல்லபடியாக வந்துவிட்டது என்று அன்றைக்கே சொன்னேனே அம்மிணி என்றார். பேப்பர் எங்கே என்றாள். எங்கேயோ வைத்துவிட்டேன் என்றார். சேலத்து லேபில் பேரே இல்லையே என்றாள். அதற்குமேல் அந்த மனிதருக்குப் பொய் வரவில்லை. பழக்கம் இருந்தால்தானே வரும்.

"குடுக்கலை சாமி" என்றார்.

சொல்ல ஆரம்பித்தபின் எல்லாவற்றையும் சொன்னார். பாட்டிலை மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். பஸ் கிளம்பவில்லை. உட்கார உட்கார அவருக்கு உடம்பெல்லாம் கூசியிருக்கிறது. லேபில் யாரோ ஒரு வயசுப் பையன் இருப்பான், இது எந்த இடத்துச் சதை என்று கேட்பான், நாலு பேர் முன்னால் தான் என்ன சொல்வது? பெண்டாட்டியின் மறைவிடத்துச் சதையை முகம் தெரியாதவன் மேஜையில் போட்டுப் பார்ப்பானே. டாக்டரே மரு என்றுதானே சொன்னார், பிறகு எதற்கு இந்தக் கேவலம் என்று இறங்கிவிட்டார். குப்பையில் போட மனசு வரவில்லை. புதைத்தால் நாய் தோண்டும், ஆற்றில் விட்டால் கரையில் ஒதுங்கும். கடைசியில் அவர் கைக்குப் பழகிய ஒன்றைச் செய்தார். மாடு கன்று போட்டால் இளங்கொடி என்கிற நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி நாய் நரி தொடாமல் கட்டுவார்களே, ஆற்றுப் பாதையில் இருக்கும் அந்த ஆலமரம். பால் மரத்தில் கட்டினால் கெடுதல் வராது என்பது அவருடைய அப்பன் பாட்டன் காலத்து நம்பிக்கை. அங்கே போய்ப் பையோடு கட்டிவிட்டு வந்து, வீட்டில் எல்லாம் நல்லபடியாக வந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

சண்முகப்பிரியாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். இந்த மனுஷரை அவளுக்குப் பிடிக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அதனாலேயே ஆத்திரம் அடங்கவில்லை.

"இப்பத்தானுங்க மாமா ரெண்டு கோழிய லேபுக்கு அனுப்புனீங்க. ஒரு கோழி சொணங்கிச் செத்தாக்கூட அறுத்துப் பாத்து, என்ன சீக்குன்னு தெரியாம உங்களுக்குத் தூக்கம் வராது. கோழிக்கு இருக்கற மரியாதை அத்தைக்கு இல்லீங்களா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அந்தக் கருமம் நெசமாலுமே புத்தா இருந்தா, தீபாவளியில இருந்து அது உள்ள போய்க்கிட்டே இருந்திருக்குதுங்க மாமா. நீங்க வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தீங்க, அது சும்மா இருக்குமா?"

முட்டைத் தட்டை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டு இருவரும் திரும்பினார்கள். ஷெட் வாசலில் செல்லாயி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து புருஷன் முன்னால் குரலை உயர்த்தாத பொம்பளை. இப்போதும் உயர்த்தவில்லை.

"ஏனுங்க, மாடு கண்ணு போட்டதாட்டம் என்னையக் கொண்டுபோய் மரத்துல கட்டீட்டீங்களா?"

"செல்லா, நான் உன்ற மானத்துக்குத்தான்..."

"என்ற மானத்த நீங்க காப்பாத்துனது போதுங்க. தொரட்டிய எடுங்க. நானும் வாரேன்."

ஆற்றுப் பாதையில் அந்த ஆலமரத்தைத் தாண்டும்போது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவார்கள். விழுதுக்கு விழுது சாக்கு மூட்டையும் வைக்கோல் பொட்டலமுமாகத் தொங்கும். சில காய்ந்து கருகியிருக்கும், சில போன வாரத்தவை. காக்கைகள் வந்து வந்து உட்காரும். சண்முகப்பிரியா அன்றைக்கு மூக்கைப் பொத்தவில்லை. ஒவ்வொரு கிளையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தாள். மழை அடித்திருக்கும், கயிறு அறுந்திருக்கும், குரங்கு எடுத்துப் போயிருக்கும் என்று என்னென்னவோ மனசுக்குள் ஓடியது.

செல்லாயிதான் முதலில் கண்டார். மேற்குப் பக்கக் கிளையில், வைக்கோல் பொட்டலங்களுக்கு நடுவில், வெயிலில் வெளுத்துப்போன ஒரு கல்யாண வீட்டு மஞ்சள் தாம்பூலப் பை. மாப்பிள்ளை பெண் பேரெல்லாம் அழிந்துபோயிருந்தது. மருதாசலம் தொரட்டியை நீட்டினார். கொக்கி மாட்டவே இல்லை. செல்லாயி அவர் கையிலிருந்து தொரட்டியை வாங்கி, முருங்கைக்காய் பறிக்கிற பழக்கத்தில் ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்தார். சண்முகப்பிரியா முந்தானையை ஏந்திப் பிடித்தாள். பை அதில் வந்து விழுந்தது.

உள்ளே பாட்டில் உடையாமல் இருந்தது. மூடியைச் சுற்றி நர்ஸிங் ஹோமில் ஒட்டிய பிளாஸ்டர் அப்படியே இருந்தது. மங்கலான தண்ணீருக்குள் விரல் நுனி அளவுக்கு ஏதோ ஒன்று கிடந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

சண்முகப்பிரியா அங்கிருந்தே டாக்டர் கலைமணிக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். அவர் உடனே, தண்ணீர் வற்றியிருக்கிறதா, சதை முங்கிக் கிடக்கிறதா என்று கேட்டார்.

"முங்கித்தான் கெடக்குதுங்க டாக்டர்."

"தொறக்காதீங்க. அந்த மருந்துத் தண்ணியில இருக்கற சதை அவ்வளவு சீக்கிரம் கெடாது. எல்லாச் சோதனைக்கும் தாங்குமான்னு சொல்ல முடியாது, ஆழம் பாத்துடலாம்னு நம்பிக்கை இருக்கு. இன்னைக்கே கொண்டாங்க."

மருதாசலம் காரை ஓட்டினார். செல்லாயி பின் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வைத்துக்கொள்கிறேன் என்று மருமகள் கை நீட்டியபோது கொடுக்கவில்லை. கிளம்புமுன் அப்பா சொல்லிக் கேட்டுவிட்டு, சத்தீஸ்கரிலிருந்து மோகன்குமார் இரண்டு முறை போன் அடித்தான். அப்பாவிடம் கோபமாகப் பேசாதே என்றான். அப்பாவுக்காகப் பரிந்து பேச இத்தனை பேர் இருக்கிறார்கள், உங்கள் அம்மாவுக்குப் பேச யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சண்முகப்பிரியா போனை அணைத்துத் தன் கைப்பைக்குள் போட்டாள்.

சேலத்து லேபில், மருதாசலம் பயந்தபடியே, மேஜைக்குப் பின்னால் ஒரு வயசுப் பையன்தான் உட்கார்ந்திருந்தான். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். லேபிளில் மை கரைந்து ஒன்றும் தெரியவில்லை.

"எந்த எடத்துல எடுத்ததுங்க?"

வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள். மருதாசலம் தரையைப் பார்த்தார். சண்முகப்பிரியா வாயைத் திறந்தாள், அதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"என்ற பொறப்புறுப்புல எடுத்ததுங்க, தம்பி. கருப்பாத் தடிச்சிருந்துச்சு. வெட்டுன எடத்துலயே திரும்ப மொளைச்சிருக்குது. எழுதிக்குங்க."

பையன் எழுதிக்கொண்டான். பேர் கேட்டான், வயசு கேட்டான், எப்போது எடுத்தது என்று கேட்டான், பாட்டிலில் புது லேபிள் ஒட்டி உள்ளே எடுத்துப் போனான். சிரிக்கவில்லை. பின்னால் நின்றவர்களும் திரும்பிப் பார்க்கவில்லை, அவரவர்க்கு அவரவர் கவலை. இவ்வளவுதானா என்பது போல மருதாசலம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் ஐப்பசியும் கார்த்திகையும் மார்கழியும் தையும் அந்தப் பை மரத்தில் தொங்கியது. நினைத்தால் நமக்கே வயிறு எரிகிறது, கட்டியவளுக்கு எப்படி இருக்கும்?

டாக்டர் கலைமணியின் கிளினிக் அதே கட்டடத்தில் மாடியில் இருந்தது. சாயங்காலம் வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார். செல்லாயி காத்திருக்கவில்லை, படியேறிவிட்டார். உள்ளே போனதும் யாரும் சொல்லாமலேயே கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

"அன்னைக்கு உங்கள முழுசாப் பாக்க விடாம எந்திரிச்சுட்டனுங்க டாக்டர். இங்க தொட்டுப் பாருங்க" என்று கலைமணியின் கையைப் பிடித்துத் தன் வலது தொடையிடுக்கில் வைத்தார்.

சண்முகப்பிரியா கட்டிலருகே வந்தாள். டாக்டரின் விரல்கள் அங்கே அழுத்தின, கொஞ்சம் நகர்ந்தன. இடது பக்கம் போயின. திரும்ப வலது பக்கத்துக்கே வந்து, அதே இடத்தில் நின்றன.

"எப்ப இருந்துங்கம்மா இந்த நெறிக்கட்டி?"

"பொங்கலுக்குப் பானை தூக்கறப்பத் தட்டுப்பட்டுச்சுங்க. கடலைக்காயாட்டம் கெட்டியா. கால்ல முள்ளு குத்துனாக்கூட நெறி கட்டுமல்லங்க, அப்படீன்னு நெனச்சுக்கிட்டேன். அன்னைக்கு நீங்க புத்துன்னு சொன்னதும் சொல்லப் பயமாப் போச்சு." சொல்லிவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார். "அவரு ஒண்ண ஒளிச்சாரு. நானும் ஒண்ண ஒளிச்சேன் கண்ணு."

காலையிலிருந்து டாக்டரம்மாவையும் மாமனாரையும் புருஷனையும் கேள்வி கேட்டவள் இப்போது மாமியாரின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கலைமணி கையைக் கழுவிக்கொண்டு வந்தார். இந்த நெறியில் ஊசி போட்டு உறிஞ்சி இன்றைக்கே சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். அங்கேயும் பரவியிருக்கிறதா என்று தெரிந்தால்தான் அடுத்த பேச்சு. பரவாமலும் இருக்கலாம், இப்போதாவது ஒளிக்காமல் சொன்னதால் நேரம் மிச்சம் என்றார். பிறகு குரலைத் தணித்து, வீட்டுக்காரர் வெளியிலேயே இருக்கட்டுமா, அவரிடம் நான் பக்குவமாகச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாங்க. உள்ள வரச் சொல்லுங்க" என்றார் செல்லாயி.

மருதாசலம் வந்தார். திரைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார். சண்முகப்பிரியா திரையை விலக்கினாள். அவர் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு கட்டிலின் காலைப் பார்த்தபடி நின்றார். டாக்டர் ஊசியை எடுத்தார்.

"என்ற கையப் புடிங்க" என்றார் செல்லாயி.

அவர் குனிந்த தலையோடு கையைப் பிடித்தார்.

"தலையத் தூக்குங்க. கண்ணத் தொறந்து பாருங்க. நீங்க பாக்காம இனி எதையும் எங்கயும் அனுப்பறதா இல்ல."